மாவு பொங்கும் சூடு

இருபத்தாறு வருஷம் அடுப்புக்கு முன்னால் நின்ற மனிதரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, ஒற்றை பல்பைக் காட்டி, "சூடு தாங்குவீங்களா ஐயா?" என்று கேட்டால் அவருக்குச் சிரிப்பு வராதா? மாஸ்டருக்கும் வந்தது. சிரித்தால் தோள் குலுங்கும், குலுங்கினால் உயிர் போகும். அதனால் உதட்டோடு நிறுத்திக்கொண்டார்.

"எது, இதுவா?" என்றார். "இத வச்சு ஒரு பன்னக் கூட சிவக்க வைக்க முடியாதே டாக்டரம்மா."

"நான் டாக்டர் இல்லங்க, பிசியோ. உங்கள சிவக்க வைக்கிறதும் என் வேல இல்ல" என்றாள் அந்தப் பெண். முப்பது வயதிருக்கும். தலைமுடியைப் பென்சிலால் கொண்டை போட்டிருந்தாள். பேசிக்கொண்டே விளக்கின் வளைந்த கழுத்தைத் திருகி உயரம் பார்த்தாள். மூன்று கட்டில், நடுவில் பச்சைத் திரை, சுவரில் கயிறும் கப்பியும். அவ்வளவுதான் அறை. வெளியே மழை ஒரு வாரமாக விட்டபாடில்லை.

மாஸ்டர் ரொட்டிக் கடை அடுப்புக்காரர். மாவு பிசைய ஆள் உண்டு, வெட்டி உருட்ட ஆள் உண்டு. ஆனால் செங்கல் அடுப்பின் வாயில் நின்று, இரண்டாள் நீளத் துடுப்பில் ரொட்டிகளை வைத்து உள்ளே தள்ளி, வெடுக்கென்று பின்னால் இழுத்து அவற்றை மட்டும் அடுப்புத் தரையில் உட்காரவைக்கிற வேலை ஒருவருக்குத்தான் வரும். அந்த வெடுக்கில்தான் தோள் போயிற்று. முதலில் சட்டை போடும்போது ஒரு குத்தல். பிறகு தலை சீவ முடியவில்லை. ஒரு நாள் துடுப்பைத் தூக்கினார், கை இடுப்புக்கு மேலே வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. தோள் மூட்டு இறுகிவிட்டது, அறுத்துப் பார்க்கிற விஷயமல்ல, பயிற்சியில்தான் சரியாகும் என்று டாக்டர் இங்கே அனுப்பியிருந்தார்.

"சர்க்கரை இருக்கா?"

"டெஸ்ட் எடுத்தாச்சும்மா, இல்லன்னுட்டாங்க" என்றாள் மாஸ்டரின் மனைவி. அவளும் அதே கடையில்தான். மாவு அறை அவள் பொறுப்பு.

"தோள்ல என்ன மினுமினுக்குது?"

"தைலம்" என்றார் மாஸ்டர் பெருமையாக.

"தைலத்துக்கு மேல லைட்ட வச்சா தோல் வெந்துடும். தொடச்சு விடுங்கக்கா."

மனைவி ஈரத் துண்டால் துடைத்தாள். பெண் இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்து வந்தாள். ஒன்றில் வெந்நீர், ஒன்றில் குளிர்ந்த தண்ணீர். கண்ணை மூடச் சொல்லி, மாற்றி மாற்றித் தோளில் வைத்தாள். எது எதுவென்று அவர் சொல்ல வேண்டும்.

"இது குளிர்ச்சி. இது..." மாஸ்டர் யோசிப்பது போல் பாவனை செய்தார். "இத நீங்க சூடுன்னு நெனச்சுட்டு இருக்கீங்க."

"ஒழுங்கா பதில் சொல்லுங்க" என்றாள் மனைவி.

"சரி, சூடு."

"தோளுக்கு உணர்ச்சி நல்லா இருக்கு" என்றாள் பெண். "இப்ப நல்லா கேட்டுக்கங்க ஐயா. இந்த லைட்டு உங்கள குணமாக்காது. இறுகினத கொஞ்சம் இளக்கும். இளகின பிறகு நான் கையப் பிடிச்சு இழுப்பேன், வீட்ல நீங்க சுவத்துல விரல நடத்தி ஏத்துவீங்க. கை வர்றது அதுலதான். லைட்டு இதமா இருந்தா போதும். அதுக்கு மேல ஏறுச்சுன்னா உடனே சொல்லணும். நான் பாக்குறது பாதி, நீங்க சொல்றது பாதி."

விளக்கு எரிந்தது. அறை சிவந்தது. விளக்கு ஒரு முழம் தள்ளி நிற்க, பூனை மடியில் படுத்த மாதிரி ஒரு சூடு தோளில் வந்து உட்கார்ந்தது. மாஸ்டருக்கு அது சூட்டுக் கணக்கிலேயே சேரவில்லை.

"எப்படி இருக்கு?"

"ஒண்ணுமே இல்லம்மா. பல்பு எரியுதான்னு பாருங்க."

அவள் உள்ளங்கையை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள். "சரியாத்தான் இருக்கு. ஆடாம இருங்க" என்றாள். அதற்குள் பக்கத்துத் திரையிலிருந்து ஒரு முழங்கால் நோயாளி கூப்பிட, போய்விட்டாள். மனைவி வெளியே பெஞ்சில் இருந்தாள்.

மாஸ்டர் தனியாக யோசித்தார். ரொட்டி வேகவில்லை என்றால் என்ன செய்வோம்? நெருப்புப் பக்கம் தள்ளுவோம். இவர் நெருப்பைத் தன் பக்கம் இழுத்தார். இடது கையால் விளக்கின் கழுத்தை வளைத்தார், ஒரு சாண் இடைவெளிக்கு வந்தது. இப்போதுதான் சூடு என்று சொல்ல ஒன்று வந்தது. கொஞ்ச நேரத்தில் சுடவே ஆரம்பித்தது.

சுடுது என்று மனசு சொல்லிற்று. வாய் சொல்லவில்லை. அதற்கு ஒரு கதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அடுப்படியில் அவர் ஒரே ஒரு தடவை "சுடுது" என்று கத்திவிட்டார். மாவு அறை, விறகுக் கொட்டகை, கடை வாசல் எல்லாம் சிரித்தது. ஒரு வருஷம் அவருக்குப் பெயரே 'சுடுது' தான். "ஏய் சுடுது, தண்ணி கொண்டா." அன்றோடு அந்த வார்த்தையை விட்டார். பெயர் மறைந்து மாஸ்டர் ஆனார், பிறகும் அது அவர் வாயில் வந்ததில்லை. இன்றும் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினார். செருப்புச் சத்தம் கேட்டதும் விளக்கைப் பழையபடி தள்ளி வைத்துவிட்டு, ஒன்றுமறியாத பிள்ளை போல் உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப செவந்திருக்கே?" என்று பெண் புருவத்தைச் சுருக்கினாள்.

"எனக்கு ஒடம்பு வாகே அப்படித்தாம்மா."

இரண்டு நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் மதியம் கடையில் வேறு பிரச்சினை. மாஸ்டர் படுத்ததிலிருந்து ஆறு வாரமாக அடுப்பைப் பார்ப்பது அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. நாற்பது வயது, பதினைந்து வருஷமாக மாவு வெட்டி உருட்டுகிறவன். துடுப்பு அவனுக்கு ஒரே வாரத்தில் வசப்பட்டது. ஆனால் ரொட்டி வசப்படவில்லை. வெளுத்து, உள்ளே பிசுபிசுத்து, அழுத்தினால் குழி விழுந்து அப்படியே கிடந்தது.

முதலாளியம்மா கல்லாவை விட்டு எழுந்து அடுப்படிக்கே வந்துவிட்டாள். சாதாரணமாக அவள் வரமாட்டாள். கையில் ஒரு ரொட்டி.

"இது ரொட்டியா, தலகாணியா?" என்றாள். "நேத்து சாப்பாட்டுக் கடைக்காரர் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிட்டாரு. மாஸ்டர், உங்களுக்கு ஒடம்பு சரியில்ல, அது என் கண்ணுக்கும் தெரியுது. ஆறு வாரம் பொறுத்துட்டேன். இன்னும் பத்து நாள் பாப்பேன். வெளியூர்ல ஒரு ஆளுக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

"நான் வந்துடுவேன்மா. லைட்டு வைத்தியம் ஆரம்பிச்சாச்சு."

"வந்தா சந்தோஷம். வரலேன்னா அவர்தான் வருவாரு. அவருக்குக் குடும்பம் இருக்கு, வீடு வேணும். நான் இத வாய் விட்டு சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லைதான். கடைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறை அடுப்புக்காரருக்கு என்று விட்டது. அந்த வீட்டின் ஒரு சுவர் அடுப்பின் முதுகுச் சுவர். மழைக்காலத்தில் ஊரெல்லாம் துணி காயாமல் நாறும்போது அவர்கள் வீட்டுத் துணி மட்டும் அந்தச் சுவரோரம் மொறமொறவென்று காயும். இருபது வருஷமாக மாஸ்டர் அந்தச் சுவரில் முதுகைக் கொடுத்துத்தான் தூங்குகிறார்.

முதலாளியம்மா போனதும் மாஸ்டர் மச்சினனைப் பார்த்தார். "கை விட்டுப் பாத்தியா?"

"பாத்தேன் மாமா."

"இருபது எண்ணினியா?"

"சரியா இருபது மாமா."

அடுப்புக்கு மேலே சுவரில் கரியால் எழுதியே வைத்திருந்தார் மாஸ்டர்: இருபது. தணலை வாரி வெளியே இழுத்து, ஈரச் சாக்கால் தரையைத் துடைத்து, பிறகு வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டு எண்ண வேண்டும். இருபதில் கை வெளியே வந்தால் அடுப்பு தயார். முன்னாலேயே வந்துவிட்டால் சூடு அதிகம், ஆற விட வேண்டும். கடையில் கடிகாரம் நின்றாலும் இந்தக் கணக்கு நின்றதில்லை.

"இருபது எண்ணினா எப்படிடா வெளுக்கும்? அடுப்பு வாய்ல நிக்கிறதுக்கும் கைராசி வேணும் மாப்ள" என்றார். மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். மாஸ்டருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே ஏதோ ஒரு மூலையில், நாம இல்லாமல் நடக்காது என்ற சந்தோஷமும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை மனைவி அவருக்குச் சட்டை மாட்டிவிடும்போது குட்டு உடைந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், தோளில் கொட்டைப் பாக்கு அளவு கொப்புளத்தை மனைவியிடம் மறைக்க முடியுமா? அவள் சட்டையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"எது?"

"முதுகுல கண்ணு இல்லேன்னு பாசாங்கு பண்ணாதீங்க. லைட்டு சுட்டதா?"

அவர் சுவரைப் பார்த்தார். "கொஞ்சம் கிட்ட இழுத்தேன்."

"இழுத்தீங்க. சுட்டுச்சு இல்ல?"

"ம்."

"அப்ப ஏன் சொல்லல?"

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துடாதுங்க. சுடுதுன்னு ஒரு வார்த்த. இந்தக் கடைல உங்களுக்குப் பேர் வச்சவங்க எல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு. இன்னும் யாருக்குப் பயப்படுறீங்க? வீட்ல டீய மூணு தடவ ஆத்திக் குடுத்தாத்தான் குடிப்பீங்க. குளிக்கிற தண்ணில கொஞ்சம் சூடு ஏறுனா தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துவீங்க. வாசப்படி தாண்டினா மட்டும் இரும்பு ஆயிடுறீங்க. எந்திரிங்க, அந்தப் பொண்ணுகிட்ட போவோம்."

"திட்டுவா."

"திட்டட்டும்."

பிசியோப் பெண் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. கொப்புளத்தைப் பார்த்தாள், மருந்து வைத்துக் கட்டினாள், ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். "உங்கள விட்டுட்டுப் போனது என் தப்பு. ஆனா நீங்க செஞ்சது என்ன தெரியுமா ஐயா? என் ஒரு கண்ணக் கட்டிட்டு வேல பாக்கச் சொன்னீங்க. நீங்க சொல்றத நம்பித்தான் நான் லைட்டு போடுறேன். இனி எத நம்புறது?"

மாஸ்டர் தரையைப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

"இது ஆறட்டும். அதுவரைக்கும் லைட்டு கிடையாது, பயிற்சி மட்டும்தான். கைய நீட்டுங்க" என்றவள், நீட்டிய வலது கையின் சட்டையைச் சுருட்டிவிட்டுச் சட்டென்று நின்றாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோலில் பழுப்பு நிறத்தில் வலை விரித்த மாதிரி கோடுகள். "இது என்ன?"

"அதுவா? அடுப்புக்காரன் கை அப்படித்தாம்மா இருக்கும். எனக்கு முன்னாடி இருந்தவருக்கும் இருந்துச்சு."

"வருஷக் கணக்கா சூடு பட்டா இப்படி வரும்னு படிச்சிருக்கேன். நேர்ல இப்பத்தான் பாக்குறேன். தோள மட்டும்தான் சோதிச்சேன், இதையும் பாத்துடுவோம். கண்ண மூடுங்க."

குழாய்கள் வந்தன. மாஸ்டர் கண்ணை மூடினார். இந்தத் தடவை விளையாட்டு இல்லை, ஒழுங்காகச் சொல்வது என்று முடிவு செய்திருந்தார்.

"இது?"

"குளிர்ச்சி."

"இது?"

"அதுவும் குளிர்ச்சி."

"இது?"

"எதும்மா? இன்னும் வைக்கலியே?"

மனைவி மூச்சை உள்ளே இழுப்பது மட்டும் கேட்டது. அவர் கண்ணைத் திறந்தார். வெந்நீர்க் குழாய் அவர் முன்னங்கையின் மேல் படுத்துக் கிடந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்தால் இருந்தது, பார்க்காவிட்டால் இல்லை.

"இந்தக் கைக்கு" என்றார்.

இடது முன்னங்கையில் வைத்தாள். "சூடு" என்று உடனே சொன்னார். மறுபடி வலதில் வைத்தாள். ஒன்றுமில்லை.

"வலது முன்னங்கை சூட்ட சரியா சொல்றதில்ல ஐயா" என்றாள் பெண் மெதுவாக. "ரொம்ப வருஷமாவே சொல்லியிருக்காது. டாக்டர் ஒருமுறை பாக்கணும், நான் எழுதித் தர்றேன். பயப்பட ஒண்ணும் இல்லாம இருக்கலாம். ஆனா அந்தக் கைய நெருப்புல விடுறத இன்னையோட நிறுத்துங்க. அது சுட்டாலும் உங்ககிட்ட வந்து சொல்லாது."

திரும்பி வரும் வழியில் ஒரே குடையில் இருவரும் நடந்தார்கள். மனைவி குடையை அவர் பக்கம் சாய்த்துத் தான் நனைந்தாள். அவர் மண்டைக்குள் ஓடியது கை அல்ல, கணக்கு.

இருபது. அது யாருடைய இருபது? செத்த கையின் இருபது. அந்தக் கைக்கு இருபது எண்ணிக்கை தாங்குகிற சூடு, நல்ல கைக்கு எத்தனை தாங்கும்? மச்சினன் கை நல்ல கை. அவன் இருபது தாங்கும் வரை காத்திருந்தால் அடுப்பு ஆறிப்போய்த்தான் கிடக்கும். ஆறின அடுப்பில் போட்ட ரொட்டி வெளுக்காமல் என்ன செய்யும்? ஆறு வாரமாக அந்த மனிதனுக்குக் கைராசி இல்லை, கைராசி இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லிக்கொண்டிருந்தது யார்?

கடைத் தெரு திரும்பும் இடத்தில் நின்றுவிட்டார்.

"என்னங்க?"

அவர் சொன்னார். இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். மனைவி குடையைப் பிடித்தபடி கேட்டாள். பிறகு, "போய் அவன்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

"சொன்னா அவனுக்கு ரொட்டி வந்துடும்."

"வரட்டுமே."

"அவனுக்கு வந்துட்டா, அப்புறம் நான் எதுக்கு?"

சொல்லிவிட்டார். ஆறு வாரமாக அடிவயிற்றில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. மழைத் தண்ணீர் இருவர் கால்களையும் சுற்றிக்கொண்டு ஓடியது. மனைவி சிரிக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை.

"சொல்லலேன்னா வெளியூர்க்காரர் வருவாரு" என்றாள். "அவர்கிட்ட என் தம்பியும் நீங்களும் ரெண்டு பேருமே எதுக்கு? நீங்க எதுக்குன்னு எனக்குத் தெரியும். அடுப்பு பாத்துக்கிறவர்னு உங்களக் கட்டிக்கல. அடுப்புல எனக்கு என்ன வேல? நான் மாவு அறைல இருக்கவ."

அவர் நடந்தார். வழக்கத்தைவிட வேகமாக நடந்தார்.

அடுப்படியில் மச்சினன் அப்போதுதான் தணலை வாரி முடித்திருந்தான். சாக்கால் துடைத்த தரையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. பலகைகளில் ரொட்டி மாவு உருண்டைகள் வரிசையாகப் பொங்கிக் காத்திருந்தன. மழை ஈரத்தில் விறகு புகைந்து எல்லார் கண்ணும் சிவந்திருந்தது. மாவு வெட்டுகிற இரண்டு பேர், விறகுக்காரர், மூலையில் ரசீதுப் புத்தகத்தோடு முதலாளியம்மா. எல்லாரும் இருந்தார்கள்.

"மாப்ள, கை விட்டியா?"

"இப்பத்தான் மாமா விடப் போறேன்."

"இரு. நிஜத்தச் சொல்லணும். மொத மொத நீ கை விட்டப்ப எத்தனைல சுட்டுச்சு?"

மச்சினன் சுவரில் இருந்த எழுத்தைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான்.

"சொல்லுடா. நெருப்புன்னா வாய் வெந்துடாது."

"எட்டு, ஒம்போதுலயே எடுத்துட்டேன் மாமா. சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல. அப்புறம் ஆற விட்டு, ஆற விட்டு, இருபது தாங்குற வரைக்கும் நின்னு, அதுக்கப்புறம்தான் போட்டேன்."

மாஸ்டர் இடது கைச் சட்டையைப் பல்லால் கடித்து மேலே இழுத்தார். அந்தக் கை ஒரு நாளும் அடுப்புக்குள் போனதில்லை. வெளுத்து, வழுவழுவென்று, வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது. உள்ளே விட்டார். ஒன்று, இரண்டு என்று சத்தமாகவே எண்ணினார். ஐந்தில் முகம் சுருங்கியது. ஏழில் கண்ணில் தண்ணீர் வந்தது. ஒன்பதில் கையை வெடுக்கென்று வெளியே இழுத்தார்.

"சுடுது" என்றார் மாஸ்டர்.

யாரும் சிரிக்கவில்லை. விறகுக்காரர் மட்டும் விறகைக் கீழே போட்டுவிட்டார். மாவு அறை வாசலில் மனைவி கையில் மாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஒம்போதுதான்" என்றார் மாஸ்டர். "என் வலது கை பொய் சொல்லிட்டு இருந்துச்சு. எத்தனை வருஷமான்னு தெரியல. தப்பு உன் மேல இல்ல மாப்ள, என் கணக்குல. இப்பவே போடு, ஆற விடாத." ஈரச் சாக்கை எடுத்து, எட்டுகிற இடது கையால் சுவரில் இருந்த இருபதை அழித்தார். கரி முழுசும் போகவில்லை, பட்டையாக இழுபட்டது.

மச்சினன் துடுப்பை எடுத்தான். நாற்பது ரொட்டி உள்ளே போய், கதவுப் பலகை சாத்தி, காத்திருந்த நேரத்தில் யாரும் நகரவில்லை. வாசனைதான் முதலில் சொன்னது. ஆறு வாரமாக அந்த வாசனை கடையில் இல்லை. பலகையைத் திறந்தபோது ரொட்டிகள் பொன்னிறமாக உட்கார்ந்திருந்தன.

முதலாளியம்மா ஒன்றை எடுத்து, சூடு பொறுக்காமல் கை மாற்றி மாற்றிப் பிடித்து, நடுவில் பிய்த்தாள். உள்ளே முகர்ந்தாள். அடியில் விரலால் தட்டிப் பார்த்தாள்.

"வெளியூர்க்காரர வர வேணாம்னு சொல்லிடுறேன்" என்றாள். பிறகு மாஸ்டரைப் பார்த்து, "தோள் சரியாகுற வரைக்கும் மச்சினன் துடுப்பப் பிடிக்கட்டும். நீங்க பக்கத்துல நில்லுங்க. மழைல விறகு ஈரம், நாளைக்கு வெயில் வந்தா வேற சூடு. அதெல்லாம் அவனுக்கு யாரு சொல்றது? வீட்டப் பத்தி நான் அன்னைக்குப் பேசினது பேசாததாவே இருக்கட்டும்" என்றாள்.

மச்சினன் ஒரு ரொட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். வலது கையில் வாங்கினார், பிறகு ஞாபகம் வந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

கொப்புளம் ஆறப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. பதின்மூன்றாம் நாள் மறுபடி விளக்குக்கு முன்னால். பிசியோப் பெண் ஸ்டூலுக்கும் விளக்குக்கும் நடுவில் தரையில் பட்டையாக ஒரு டேப் ஒட்டியிருந்தாள்.

"இது எல்லைக் கோடு ஐயா. விளக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது. சூடு கண்ட பூனை திரும்பி வருமான்னு நெனச்சேன், வந்துட்டீங்க."

"வந்துட்டேன். ஆனா ஒரு சந்தேகம்மா. இதமா இருக்கணும், இதமா இருக்கணும்கிறீங்க. இதம்னா எவ்வளவு? அந்தச் சூடு எங்க அடுப்புக்குத் தெரியாது. நான் இப்ப பொய் சொல்லல, நிஜமாவே புரியல."

பெண் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள், இப்படி யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அப்போது மனைவி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். "நான் பாக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, அவர் தோளுக்குப் பக்கத்தில் வெளிச்சத்தில் தன் கையின் பின்புறத்தை நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். மாவு அறையில் துணி மூடிய பாத்திரங்களின் மேல் அவள் கை வைத்துப் பார்ப்பது அப்படித்தான்.

"இன்னும் நாலு விரல் தள்ளி வைங்கம்மா. ஆங், இது. இதுதாங்க" என்றாள் கணவனிடம். "மாவு பொங்குற சூடு. இதுக்குக் கம்மியானா மாவு எந்திரிக்காது. கூடுச்சுன்னா செத்துப்போகும், அப்புறம் எந்த அடுப்புல போட்டாலும் ரொட்டி ஆகாது. உங்க தோள இப்ப மாவுன்னு நெனைங்க. அடுப்புக்கு இன்னும் நேரம் இருக்கு."

மாவு பொங்குகிற சூடு. அது மாஸ்டருக்குத் தெரியும். மாவு அறையை நினைத்துக்கொண்டார். அவசரப்படாத அந்தச் சூடு, புளித்த வாசனை, துணிக்குக் கீழே மெதுவாக ஏறுகிற மாவு. இருபத்தாறு வருஷமாக அந்த அறையைத் தாண்டித்தான் அடுப்புக்குப் போயிருக்கிறார், நின்றதில்லை. தோளில் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று, ஒரு நூல் அளவு விட்டுக்கொடுத்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் பிசியோப் பெண்.

"தோள் மேல பக்கம் சரியா இருக்கு. பின்னால எலும்புகிட்ட கொஞ்சம் கூட. அத மட்டும் ஒரு விரக்கடை நகத்தணும்."

பெண் நகர்த்தினாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இப்படி ஒரு நோயாளி எனக்கு வந்ததே இல்ல" என்றாள்.

விளக்குக்குப் பிறகு அவள் இழுத்த இழுப்பில் மாஸ்டர் நட்சத்திரம் பார்த்தார். அதையும் சொன்னார். வீட்டில் அடுப்புச் சுவரில் விரல் நடத்தும் பயிற்சி. விரலில் ஒட்டியிருந்த மாவு சுவரில் படிக்கட்டு மாதிரி புள்ளி வைத்துக்கொண்டே ஏறியது. முதல் வாரம் இடுப்பு உயரம். மூன்றாம் வாரம் நெஞ்சு. பிறகு இரண்டு வாரம் அங்கேயே நின்று சண்டித்தனம் செய்தது. அந்த நாட்களில் அவர் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மனைவி சுவரைத் துடைக்காமல் விட்டிருந்தாள். எட்டாவது வாரம் ஒரு புள்ளி காதுக்கு நேராக விழுந்தது. அவள் அதைச் சுற்றிக் கரியால் ஒரு வட்டம் போட்டாள்.

அன்று மதியம் மழை விட்டு வெயில் அடித்தது. மாஸ்டர் அடுப்படிக்கு வந்து துடுப்பின் மேல் கை வைத்தார். எல்லாரும் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

"மாப்ள, நீ கை விட்டுச் சொல்லு."

மச்சினன் எண்ணினான். ஒன்பதில் எடுத்தான். "தயார் மாமா."

"ஒரு துடுப்பு மட்டும் போடுறேன். மிச்சம் உன்னோடது."

நாலு ரொட்டி. துடுப்பு உள்ளே போனது. கை நீண்டது, தோள் திறந்தது. அந்த வெடுக்குக்கு முன்னால் ஒரு கணம் நின்றார், பிறகு இழுத்தார். ரொட்டி நாலும் அடுப்புத் தரையில் நேர்கோட்டில் உட்கார்ந்தன. வெறும் துடுப்பு வெளியே வந்தது.

"அம்மா, வலிக்குது" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

மாவு அறைக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "வலிச்சா நிறுத்துங்க."

"நிறுத்தறதுக்குச் சொல்லல" என்றார் மாஸ்டர் தோளைத் தேய்த்துக்கொண்டே. "உனக்குத் தெரியணும்னு சொன்னேன்."